படத்தில் ஓடும் பழைய லாரி எந்தக் கம்பெனி, எந்த வருடம்?

கேள்வி இதுதான்: பழைய அமெரிக்கப் படங்களில் வரும் உருண்டை முகப் பிக்கப் வண்டிகள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. சிலர் மட்டும் ஒரு பார்வையில் "1951 செவர்லே" என்று அடித்துச் சொல்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதே வழி நம்மூர்ப் பழைய படங்களில் வரும் லாரிகளுக்கும் உதவுமா?

உதவும், ஆனால் நம்மூர் லாரிக்கு அந்த வழியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் வரும். முதலில் அமெரிக்க வண்டிகள்.

பார்க்கிறவர் கண் முதலில் போவது கிரில்லுக்கும் (முகத்திலுள்ள கம்பித் தட்டி) பேட்ஜுக்கும் (பெயர்ச் சின்னம்). வண்டியிலேயே எளிதில் கழற்றி மாட்டக்கூடியவை அவை இரண்டும்தான். எழுபது ஆண்டு ஓடிய வண்டி எத்தனை தடவை இடித்திருக்கும், எத்தனை பட்டறைகளைப் பார்த்திருக்கும் என்று யோசித்தால், அதன் முகத்தை நம்பி வருடம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று புரியும். கேபின் அப்படியல்ல. தகட்டில் அச்சடித்து வெல்டு வைத்தது. முன் கண்ணாடிச் சட்டத்தையும் கூரையையும் பின் கண்ணாடித் துளையையும் யாரும் சும்மா மாற்றுவதில்லை. ஆகவே பார்க்க வேண்டிய வரிசை: கேபின், அதன் பிறகு கதவு, அதன் பிறகு பானெட்டும் மட்கார்டும், அதன் பிறகு கிரில், எல்லாம் முடிந்தபின் பேட்ஜ். முன்னதும் பின்னதும் முரண்பட்டால் முன்னதையே நம்ப வேண்டும்.

ஒவ்வொரு அடையாளமும் வருடத்தை நேராகச் சொல்லாது என்பதும் முக்கியம். "இந்த வருடத்துக்கு முன்னால் இல்லை" என்றோ "இதற்குப் பின்னால் இல்லை" என்றோ ஒரு பக்கத்து எல்லையை மட்டும் தரும். இரண்டு பக்கமும் நெருக்கிக் கொண்டு வந்தால்தான் நடுவில் ஒரு வருடம் மிஞ்சும்.

பார்க்கும் முன் படச்சட்டத்தைச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். விஎல்சி பிளேயரில் நிறுத்திவிட்டு ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூப்பில் நிறுத்திய பிறகு முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னும் நகர்த்தும். வண்டி திரும்பும் இடத்தில், முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் ஃபிரேம்தான் தங்கம். அதோடு நேர்ப் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, கேபினுக்குள் டேஷ்போர்டு தெரியும்படி ஒன்று. நாலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரம் வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் படம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருக்கிறது, அதில் உயரம் அகலத்தை ஒப்பிட்டால் எல்லாம் தவறாகும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தாலோ, அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தாலோ, எடிட்டிங்கில் ஷாட்டைப் புரட்டிப் போட்டிருக்கக்கூடும். இடது, வலது என்று பிரித்துப் பார்க்கும் அடையாளங்கள் அப்போது மாறிப்போகும்.

பத்தாண்டைப் பிடிப்பது எளிது. ஹெட்லைட் மட்கார்டின் மேல் தனிக் கிண்ணமாக நின்றால் 1930களின் வடிவம். மூடிய வகை சீல்டு பீம் விளக்கு அமெரிக்காவில் 1940 மாடல்களில் வந்தது. செவர்லே பிக்கப்பில் 1941இல் ஹெட்லைட் மட்கார்டுக்குள் இறங்கியது. அதே செவர்லேயின் முகத்தில் மேலே படுக்கைக் கம்பிகளும் கீழே நெட்டுக் கம்பிகளும் இருந்தால் 1941 முதல் 1947இன் முதல் பாதி வரை. ஃபோர்டில் முகம் முழுக்க நெட்டுக் கம்பிகள் அருவிபோல் இறங்கினால் 1942–47. நடுவில் போர் வந்து 1942 தொடக்கத்தில் பொதுமக்களுக்கான உற்பத்தி நின்றுபோனது என்பதால், படத்தில் வரும் வண்டி 1943 மாடல் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

முன் கண்ணாடி கேபின் தூண்களைச் சுற்றி வளைந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது: செவர்லேயில் 1955இன் இரண்டாம் வரிசை (அந்த வருடத்தின் நடுவில் வடிவம் மாறியது; பழைய வடிவம் முதல் வரிசை, புதியது இரண்டாம் வரிசை), ஃபோர்டில் 1956. அந்த வளைவு ஃபோர்டில் 1961இலும் செவர்லேயில் 1964இலும் போய்விட்டது. பக்கத்துக்கு இரண்டாக நாலு ஹெட்லைட் இருந்தால் இரண்டிலுமே 1958க்கு முன் கிடையாது. முன் மட்கார்டின் பக்கவாட்டில் சிறிய மார்க்கர் விளக்கு இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிறகு. இது அமெரிக்கப் பாதுகாப்பு விதியால் வந்தது. 1967 செவர்லேயையும் 1968 செவர்லேயையும் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

படங்களில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே அட்வான்ஸ் டிசைன் வரிசை. 1947 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஐந்து படுக்கைக் கம்பிகள் கொண்ட கிரில், உப்பிய மட்கார்டு, உருண்டைக் கூரை. பலர் இதைப் பொதுவாக "ஐம்பதுகளின் பிக்கப்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் கம்பெனி ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பதால், நிதானமாகப் பார்த்தால் ஒரே வருடம் வரை இறங்கிவிடலாம்.

கேபினில் தொடங்குவோம். முன் கண்ணாடி நடுவில் பட்டையோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 வரை. நடுப்பட்டை இல்லாமல் ஒரே வளைந்த கண்ணாடியாக இருந்தால் 1954 அல்லது 1955இன் முதல் வரிசை. பெட்ரோல் ஊற்றும் மூடி எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. 1949இல் டேங்க்கைக் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள். அதனால் மூடி வலப்பக்கக் கதவுக்குப் பின்னால் கேபின் தகட்டிலேயே இருக்கும். கேபினில் மூடியே இல்லாமல், பின்னால் சுமைப் பெட்டிப் பக்கம் இருந்தால் 1947–48. கதவுக்கு முன்னால், பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள கௌல் தகட்டில், ஓட்டுநர் பக்கம் காற்றுக்கான சிறிய திறப்பு இருந்தால் 1950 வரை.

இப்போது கதவு. முன்மூலையில் தனியாகத் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி 1951இல் வந்தது. ஓட்டுநர் பக்கக் காற்றுத் திறப்பு போனதும் அப்போதுதான். ஒன்றின் வேலையை மற்றது எடுத்துக்கொண்டது. வெளிக் கைப்பிடி 1951 வரை கீழ்நோக்கித் திருப்பும் வகை, 1952 முதல் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தும் வகை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: முக்கோணக் கண்ணாடியும் உண்டு, திருப்பும் கைப்பிடியும் உண்டு என்றால் அது 1951 மட்டும்தான். ஒரே பார்வையில் வருடம் சொல்கிறவர்கள் பார்ப்பது இந்தக் கதவைத்தான்.

கதவும் கழற்றக்கூடியதுதான். 1952 வண்டிக்குப் பழைய கதவு மாட்டியிருக்கலாம், பழைய வண்டிக்குப் புதுக் கதவும் மாட்டியிருக்கலாம். அதனால் இரண்டு பக்கக் கதவையும் பார்த்து, கௌல் திறப்போடும் பெட்ரோல் மூடியோடும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கௌலில் ஓட்டுநர் பக்கக் காற்றுத் திறப்பும் கதவில் முக்கோணக் கண்ணாடியும் ஒன்றாக இருந்தால், கேபின் 1950 அல்லது அதற்கு முந்தையது, கதவு பின்னால் வந்தது என்று பொருள்.

பானெட்டின் பக்கவாட்டு எழுத்துக்கு வருவோம். செவர்லே பெயருக்குக் கீழே 'திரிஃப்ட்மாஸ்டர்' அல்லது 'லோட்மாஸ்டர்' என்றிருந்தால் 1947–48. பெயருக்குக் கீழே 3100, 3600, 3800 என்று மாடல் எண் இருந்தால் 1949 முதல் 1952 வரை. 1952இன் நடுவில் பெயருக்குக் கீழே எண் போடுவதை நிறுத்தினார்கள். செவர்லே என்ற பெயரே இல்லாமல் எண் மட்டும் பெரிதாக இருந்தால் 1953–54. 1955இன் முதல் வரிசைக்குச் சின்னம் வேறு வடிவம். முகம் 1954 போலவே இருந்தாலும் இங்கே பிரித்துவிடலாம்.

பின்னாலிருந்து எடுத்த ஷாட்டை யாரும் மதிப்பதில்லை, ஆனால் 1954ஐப் பிடிக்க அது போதும். அந்த வருடம்தான் சுமைப் பெட்டியின் மேல்விளிம்பு சாய்விலிருந்து சமதளமாக மாறியது. பின்விளக்கு செவ்வகத்திலிருந்து வட்டமானது. முன்னால் ஐந்து கம்பிக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமான தடித்த கம்பி வந்தது. அதைக் காளை மூக்கு என்று அழைப்பார்கள். கேபினுக்குள் எடுத்த நெருக்க ஷாட் இருந்தால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்: 80 மைல் வரை இருந்தால் 1951 வரை, 90 மைல் வரை இருந்தால் 1952 முதல். டேஷ்போர்டின் குரோம் பட்டைகள் பெயிண்ட் அடித்தவையாக மாறியதும் 1952இல்தான். கொரியப் போர்க்காலத்தில் குரோம் தட்டுப்பாடு இருந்தது. கிரில் குரோமாக இருக்கிறது, பெயிண்டாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள். பழுதுபார்த்து அழகுபடுத்துகிறவர்கள் முதலில் வாங்கி மாட்டுவது குரோம் கிரில்லைத்தான்.

இன்னொரு பொறி, கேபினின் பின்மூலைகளில் வரும் வளைந்த சிறு கண்ணாடிகள். அவற்றைப் பார்த்ததும் "இது இந்த வருடம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் டீலக்ஸ் வசதி; வரிசை முழுவதும் கிடைத்தது. வருடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எவ்வளவு டன் சுமைக்கான வண்டி என்பதைச் சக்கரம் சொல்லும். செவர்லே அரை டன் 3100க்கு ஆறு வீல் நட்டு, முக்கால் டன் 3600க்கு எட்டு. ஃபோர்டு அரை டன்னுக்கு ஐந்து, முக்கால் டன்னுக்கு எட்டு. இதனால் ஒரு உபரி லாபமும் உண்டு: முகம் நிழலில் மறைந்திருந்தாலும், அரை டன் அளவு வண்டியில் ஆறு நட்டு தெரிந்தால் அது ஃபோர்டு அல்ல. செவர்லேயின் சாதாரண இரு சக்கர இயக்க அரை டன் வண்டி 1971இல் ஐந்து நட்டுக்கு மாறியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம் 3100இல் 116 அங்குலம், 3600இல் 125¼, 3800இல் 137. நேர்ப் பக்கவாட்டு ஷாட்டில் இதைக் கதவின் அகலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தொலைவிலிருந்து நீளமான லென்ஸில் எடுத்த ஷாட்டில்தான் இது நம்பகமாக வரும். அருகிலிருந்து அகல லென்ஸில் எடுத்தால் முன்பக்கம் பெரிதாகிவிடும்.

1955இன் இரண்டாம் வரிசையிலிருந்து 1959 வரையிலான செவர்லேயை விரைவாகச் சொல்லிவிடலாம். 1955க்கும் 1956க்கும் முகம் ஏறக்குறைய ஒன்று. மட்கார்டின் பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோட்டுக்குக் கீழே சின்னம் இருந்தால் 1955, மேலே இருந்தால் 1956. 1957இல் கிரில் திறந்த வடிவுக்கு மாறியது, மட்கார்டுச் சின்னம் முட்டை வடிவமானது. 1958இல் நாலு ஹெட்லைட். சுமைப் பெட்டியின் பக்கம் மட்கார்டு உப்பல் இல்லாமல் வழவழவென்று இருக்கும் ஃப்ளீட்சைடும் அந்த வருடம்தான் வந்தது. 1959இல் பானெட்டுச் சின்னம் பெரிதானது. 1960–61இல் பானெட்டின் இரு ஓரமும் ஜெட் விமான மூக்குபோல் புடைத்து, அதற்குள் சிக்னல் விளக்கு இருக்கும். 1962இல் அது போய் பக்கத்துக்கு ஒரு ஹெட்லைட் என்று திரும்பியது.

ஃபோர்டில் 1948 முதல் 1952 வரை எஃப்-1. முன் கண்ணாடி தொடக்கத்திலிருந்தே ஒற்றைக் கண்ணாடி. நடுப்பட்டை உள்ள செவர்லேயிலிருந்து தூரத்திலேயே இதனால் பிரிக்கலாம். ஐந்து படுக்கைக் கம்பிகளும் அவற்றின் இரு முனையில் ஹெட்லைட்டும் ஒரே குழிக்குள் அடங்கியிருந்தால் 1948–50. ஒரே தடித்த குறுக்குக் கம்பி இரண்டு ஹெட்லைட்டையும் இணைத்து, மூன்று பற்களின் மேல் உட்கார்ந்தது போலிருந்தால் 1951–52. கிரில் மாற்றப்பட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால் பின் கண்ணாடியைப் பாருங்கள்: 1951இல் அது அகலமானது. முகம் 1949ஆகவும் பின் கண்ணாடி அகலமாகவும் இருந்தால் பின் கண்ணாடி சொல்வதே உண்மை.

1953இல் எஃப்-100 வந்தது. கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு என்பதால் ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் ஹாரன் பொத்தானில் அதைப் பொறித்திருப்பார்கள். கேபினுக்குள் எடுத்த ஷாட்டில் அது தெரிந்தால் வேறெதுவும் வேண்டாம். 1955இல் கிரில்லின் மேல்கம்பி நடுவில் வி வடிவில் கீழே இறங்கும். 1956 தனி. முன் கண்ணாடி சுற்றி வளைந்து, கேபின் முன்தூண் நேராக நிற்கும். இந்தக் கேபின் அந்த ஒரே வருடம்தான் வந்தது. பின்னால் சுற்றி வளையும் பெரிய கண்ணாடியும் அந்த வருடம் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. ஆசைப்பட்டு மாற்றி அமைக்கிறவர்களுக்கு 1953–56 எஃப்-100 மிகவும் பிடித்தமான வண்டி என்பதால், படத்தில் வரும் இந்த வண்டிகளில் கிரில்லும் பேட்ஜும் கலந்துதான் இருக்கும். தூணை மட்டும் நம்புங்கள். 1957இல் மட்கார்டும் பானெட்டும் கேபின் அகலத்துக்கு ஒரே மட்டமாகிவிட்டன. பக்கத்துக்கு ஒரு ஹெட்லைட் என்றால் 1957, இரண்டு என்றால் 1958–60.

முகம் ஒரு கம்பெனியாகவும் பெயர் வேறாகவும் இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். கனடாவில் ஃபோர்டு பிக்கப்கள் 1946 முதல் 1968 வரை மெர்குரி என்ற பெயரிலும் விற்கப்பட்டன. டாட்ஜ் வண்டிகள் ஃபார்கோ என்ற பெயரில் போயின. அமெரிக்காவில் நடப்பதாகச் சொல்லும் கதையில் மெர்குரி பிக்கப் ஒன்று ஓரமாக நின்றால், படம் கனடாவில் எடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே ஒரு துப்பு. செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ஜிஎம்சி என்ற பெயரிலும் விற்றது; அந்த வண்டிக்குக் கேபின் செவர்லேயுடையதேதான். முகமும் எழுத்தும்தான் வேறு. சோவியத் படங்களில் 1930களின் ஃபோர்டு ஏஏ போல் தெரிவது பெரும்பாலும் காஸ்-ஏஏ. ஃபோர்டின் உரிமத்தோடு 1932 முதல் அங்கேயே செய்யப்பட்டது.

1967–72 செவர்லே பற்றி ஒரு பத்தி போதும். பக்கவாட்டு மார்க்கர் விளக்கு இல்லாவிட்டால் 1967. 1969இல் கிரில் மாறியது, 1971இல் சிறுசிறு கட்டங்கள் கொண்ட கிரில் வந்தது. 1971ஐயும் 1972ஐயும் வெளியிலிருந்து பிரிப்பது கடினம்; உள்ளே பின்பார்வைக் கண்ணாடி கூரையில் போல்ட்டு வைத்திருந்தால் 1971, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் 1972. இந்த அடையாளம் முன் கண்ணாடியை மாற்றும்போது கெட்டுப்போகக்கூடியது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கனரக லாரிகளுக்கு இந்த நுணுக்கம் எடுபடாது. பிக்கப்பைப் போல அவை வருடா வருடம் முகம் மாற்றுவதில்லை. ஸ்பீல்பெர்க்கின் 1971 படமான 'டூயல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் காரைத் துரத்தும் டேங்கர் லாரி 1955 பீட்டர்பில்ட் 281 என்று பதிவாகியிருக்கிறது. ஒடுங்கிய நீள மூக்கும், பட்டாம்பூச்சிச் சிறகுபோல் இரு பக்கமும் திறக்கும் பானெட்டும், பிரிந்த தட்டைக் கண்ணாடியும் சேர்ந்து மாடலைச் சொல்லிவிடும். ஆனால் அந்த மாடல் ஏறக்குறைய இதே முகத்தோடு 1954இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. முகத்தை மட்டும் பார்த்து யாராலும் 1955 என்று சொல்ல முடியாது. வருடம் தெரிந்தது, படத்துக்கு வாங்கிய வண்டியின் விவரம் வெளியே தெரிந்ததால்தான். தொலைக்காட்சிக்காக எடுத்ததைத் திரையரங்குக்கு நீட்டியபோது சேர்த்த காட்சிகளில் ஓடுவது வேறு லாரி, ஏனெனில் முதல் லாரி இறுதிக் காட்சியில் அழிந்துவிட்டது. எனவே ஒரே படத்தில் ஒரே வண்டி என்று நம்பி, ஒரு காட்சியில் பார்த்த அடையாளத்தையும் இன்னொரு காட்சியில் பார்த்ததையும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். சண்டைக்கு ஒன்று, நடிகர் முகம் தெரியும் காட்சிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று வண்டிகளுக்கு ஒரே பெயிண்ட் அடிப்பது வழக்கம். காட்சிக் காட்சியாகத் தனிக் குறிப்பு எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் அமெரிக்க இரண்டரை டன் லாரி என்றால் வர வேண்டியது ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. பல படங்களில் நிற்பது 1950க்குப் பிறகு வந்த எம்35 ராணுவ லாரி. பத்துச் சக்கரம் இருக்கிறது, பச்சை பெயிண்ட் இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. லாரி போல் தெரிவது லாரியாகவே இல்லாமலும் இருக்கலாம்: 'பெவர்லி ஹில்பில்லிஸ்' தொலைக்காட்சித் தொடரில் குடும்பமே ஏறி வரும் வண்டி, 1921 ஓல்ட்ஸ்மொபைல் காரை வெட்டிச் செய்தது.

வருடக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் அடுத்த வருட மாடல் முந்தைய வருடத்தின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1955 டிசம்பரில் எடுத்த காட்சியில் 1956 எஃப்-100 ஓடினால் தவறில்லை. மறுபக்கம், பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் வண்டி விற்ற வருடத்தையே பதிவுப் பத்திரத்தில் எழுதினார்கள். அதனால் சொந்தக்காரர் "பத்திரத்திலேயே 1950 என்றிருக்கிறது" என்று சொன்னாலும் வண்டி 1949 மாடலாக இருக்கலாம். என்ஜின் சத்தத்தை அறவே நம்ப வேண்டாம்; ஆறு சிலிண்டர் வண்டிக்கு வி8 சத்தம் சேர்ப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் சாதாரணம்.

இனி நம்மூர் லாரி. இங்கே ஏன் தலைகீழ் என்றால், நம் நாட்டில் நீண்ட காலம் கம்பெனி விற்றது முழு லாரியை அல்ல. சேசிஸ் (அடிச்சட்டம்), என்ஜின், பானெட், முன்பக்க முகப்பு, அவ்வளவுதான் தொழிற்சாலையிலிருந்து வரும். கேபினையும் சுமைப் பெட்டியையும் மரச்சட்டம் போட்டுத் தகடடித்துக் கட்டியது நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகள். அமெரிக்க வண்டியில் உண்மை பேசும் கேபின், இங்கே பட்டறையின் கைவண்ணத்தை மட்டுமே சொல்லும். 1958 சேசிஸ் மேல் 1972இல் புதுக் கேபின் கட்டியிருப்பார்கள். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும்போது முன் கண்ணாடிச் சட்டத்தையே மாற்றியிருப்பார்கள். அதனால் இங்கே பானெட்டும் முகப்பும்தான் முதல் சாட்சி, சக்கரமும் அச்சும் அடுத்தது, கேபின் கடைசி.

எந்தக் கம்பெனி எப்போது இருந்தது என்பதே பாதி வருடத்தைச் சொல்லிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே, பெட்ஃபோர்டு வண்டிகளைப் பூட்டி விற்றது. இங்கேயே பாகங்களைச் செய்யாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953இல் அரசு கொள்கை வகுத்த பிறகு அதுவும் ஃபோர்டும் வெளியேறின. ஆகவே பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் செவர்லே லாரி வந்தால், படம் எந்த வருடமானாலும், வண்டி பெரும்பாலும் 1954க்கு முந்தையது. போர் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட டிஸ்போசல் லாரிகளும் நிறைய ஓடின. சப்பை மூக்குள்ள கனடா ராணுவ வகை வண்டிகளைப் பார்த்தால் அந்த வழியில் வந்தவை என்று கொள்ளலாம். பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லர் கூட்டில் 1947 முதல் டாட்ஜ், ஃபார்கோ என்று இரு பெயரிலும் விற்றது. மேலே கனடாவுக்குச் சொன்ன அதே ஃபார்கோதான் இது. பெட்ஃபோர்டு லாரிகளைப் பின்னாளில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டியது.

எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம், 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றம். முகப்பில் லேலண்ட் என்று மட்டும் இருந்து அசோக் இல்லாவிட்டால் அந்த மாற்றத்துக்கு முந்தைய வண்டியா என்று பார்க்க வேண்டும். அசோக் லேலண்ட் என்று முழுதாக இருந்தால் 1955க்கு முன் போக முடியாது. ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து 1954இல் தொடங்கிய லாரியைத்தான் இங்கே பென்ஸ் லாரி என்று அழைத்தார்கள். உருண்டு நீண்ட பானெட், நடுவில் மூன்று முனை நட்சத்திரம். 1969இல் கூட்டு முடிந்ததும் வட்டத்துக்குள் இருந்த நட்சத்திரம் போய் டி எழுத்து வந்தது. டி எழுத்து தொழிற்சாலையிலிருந்தே வந்ததாக இருந்தால் 1969க்கு முன் இல்லை. நட்சத்திரம் இருந்தால் மட்டும் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய முகப்பைப் புது வண்டிக்கு மாட்டியவர்கள் உண்டு. அறுபதுகளில் நடக்கும் கதையை இன்று எடுக்கிற படக்குழு முதலில் ஒட்டுவதும் அந்த நட்சத்திரத்தைத்தான்.

முன் கண்ணாடிக்கு மேலுள்ள தலைப்பலகையையும் படியுங்கள். 'பப்ளிக் கேரியர்' என்பது 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல். 1988இல் இயற்றி 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதன்பின் 'கூட்ஸ் கேரியர்' என்று எழுதத் தொடங்கினார்கள். நம்பர் பலகையும் அதே சமயத்தில்தான் மாறியது. டிஎன் 01 போல மாநில எழுத்தும் வட்டார எண்ணும் இருந்தால் 1989க்குப் பிந்தைய பதிவு. மூன்று எழுத்துப் பழைய எண்ணில் முதல் எழுத்து எம் என்றால் மதராஸ் மாநிலக் காலம், டி என்றால் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின். இது பதிவு செய்த காலத்தைச் சொல்லுமே தவிர வண்டி செய்த காலத்தைச் சொல்லாது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கி வந்து இங்கே பதிந்த பழைய லாரியும் உண்டு. படத்துக்காக எழுதிய பொய் எண்ணாகவும் இருக்கலாம். அதனால் பலகை எழுத்தும் முகப்பும் ஒத்துப்போனால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

கண்டுபிடித்ததை எழுதும்போது மாடல், வருட எல்லை, எந்த அடையாளத்தால், எந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது என்ற நாலையும் சேர்த்து எழுதுங்கள். "செவர்லே 3100, 1951, முக்கோணக் கண்ணாடியும் திருப்பும் கைப்பிடியும் இரு கதவிலும் உண்டு, கிரில் பின்னால் மாற்றிய குரோம்" என்று எழுதினால், நாளை இன்னும் தெளிவான பிரதியில் அதே படத்தைப் பார்க்கிறவர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். "1969–72 டாடா, முகப்பை வைத்து, கேபின் பட்டறை வேலை" என்று எல்லையோடு நிறுத்திக்கொள்வதும் முழுமையான பதில்தான், ஒரே வருடம் சொல்ல ஆதாரம் இல்லாத இடத்தில் அப்படித்தான் எழுத வேண்டும்.